ஓரிகனில் ஒரு மெட்ராஸ்: பெயர் எங்கிருந்து போனது, தமிழில் எப்படி எழுதுவது?

மொழிமாற்றி

வணக்கம். ஒரு பயணக் கட்டுரையைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் மேற்குப் பக்கம், ஓரிகன் மாநிலத்தின் நடுவில் இருக்கும் சிற்றூர் ஒன்றைப் பற்றியது. ஊரின் பெயர் மெட்ராஸ். நம் சென்னையின் பழைய பெயரை ஆங்கிலத்தில் எழுதும் அதே ஆறு எழுத்துகள்தான். கட்டுரையில் நாற்பது தடவைக்கு மேல் வருகிறது. முதல் பத்தியைத் தாண்ட முடியாமல் இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

"மெட்ராஸில் விடிய விடியப் பனி கொட்டியது" என்று ஒரு வாக்கியம். இதை அப்படியே எழுதினால் படிக்கிறவர் தடுக்கி விழுவார். அந்த ஊர்க்காரர்கள் பெயரை வேறு மாதிரி உச்சரிக்கிறார்கள் என்றும் கேள்வி. இரண்டு உதவி வேண்டும். அந்தப் பெயர் அங்கே எப்படிப் போனது? அதைத் தமிழில் எந்த எழுத்தில் எழுதுவது?

போர்ட்லண்ட் மழை

போர்ட்லண்டில் பதினோரு வருடமாக இருக்கிறேன். அந்த ஊருக்குப் பல தடவை போயிருக்கிறேன். இங்கிருந்து 26ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து ஹுட் மலையைத் தாண்டி, வார்ம் ஸ்பிரிங்ஸ் பழங்குடி மக்களின் நிலம் வழியாக இறங்கினால் இரண்டரை மணி நேரம். மலைக்கு இந்தப் பக்கம் மழையும் பாசியும். அந்தப் பக்கம் போனதும் வறண்ட மேடு, புதர், பெரிய வானம். கிண்ணம் மாதிரி ஒரு பள்ளத்தில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. முதலில் அந்த இடத்துக்கு வழங்கிய பெயரே 'பேசின்', அதாவது கிண்ணம்தான். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 7,456. ஜெஃபர்சன் மாவட்டத்தின் தலைநகர். அமெரிக்காவில் விதைக்கும் கேரட்டுக்குப் பெரும் பங்கு விதை இந்த வட்டாரத்து வயல்களிலிருந்துதான் போகிறது. புதினாவும் புல்விதையும் உண்டு. கேரட் பூத்திருக்கும் ஜூலையில் போய்ப் பாருங்கள், வெள்ளைக் குடை விரித்த மாதிரி இருக்கும்.

உச்சரிப்பு: முதல் அசையில் அழுத்தம். 'மேட்' என்று நன்றாக வாயைத் திறந்து சொல்லிவிட்டு, 'ரஸ்' என்பதை விழுங்கிவிடுவார்கள். முதல் தடவை பெட்ரோல் பங்கில் நான் "மெட்ராஸ்" என்று நம் பாணியில் இரண்டாவது அசையை நீட்டிச் சொன்னேன். அங்கே நின்றிருந்த பெரியவர் ஊருக்குப் புதுசா என்று கேட்டார். என் பூர்வீகம் சைதாப்பேட்டை என்றும், இந்தப் பெயர் கிளம்பிய ஊரே அதுதான் என்றும் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ நீதான் அசல் மெட்ராஸ்காரன்" என்றார். அந்தக் கைப்பிடியை இன்றைக்கும் மறக்கவில்லை.

சென்னப்பட்டினம்

அசல் ஊரின் பெயருக்கே பொருள் இன்னும் முடிவாகவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கு தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் கடற்கரையில் இடம் கொடுத்தார். அதற்கு முன்பே அங்கே மதராசப்பட்டினம் என்ற ஊர் இருந்தது. மெட்ராஸ் அதன் தேய்வு. சென்னப்பட்டினம் என்பது நாயக்கரின் தந்தை சென்னப்பரின் பெயரால் வந்தது. மதராசு என்பதற்கு மட்டும் ஆளுக்கொரு விளக்கம். போர்த்துகீசிய தேவமாதா கோயிலிலிருந்து வந்தது என்கிறார்கள் சிலர். மதரசாவிலிருந்து வந்தது என்கிறார்கள் வேறு சிலர். ஒரு போர்த்துகீசியக் குடும்பப் பெயரிலிருந்து என்றும் ஒரு கட்சி உண்டு. எதற்கும் சந்தேகத்துக்கு இடமில்லாத சான்று கிடையாது.

ஆக, எங்களுக்கே பொருள் தெரியாத ஒரு சொல் கடல் தாண்டி ஓரிகனுக்குப் போய் ஊராகிவிட்டது. 1996இல் நாம் சென்னை என்று மாற்றிக்கொண்டோம். அவர்கள் மாற்றவில்லை, மாற்ற வேண்டிய காரணமும் இல்லை. நம் உயர் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் ஐ.ஐ.டி.யும் ஆங்கிலத்தில் இன்னும் மெட்ராஸ்தான். கண் சிவந்தால் 'மெட்ராஸ் ஐ' என்கிறோம். ஆனால் அந்தப் பெயரை முழு ஊராக இன்னும் சுமந்துகொண்டிருப்பது அந்தக் கேரட் விதை ஊர்.

என் கட்சி: 'மெட்ராஸ்' என்றே எழுதுங்கள். நம் பெயர். நம் எழுத்தில் எழுத நமக்கு உரிமை இருக்கிறது.

ஒலியன்

உரிமை இருக்கிறது ஐயா, மறுக்கவில்லை. ஆனால் ஊர்ப் பெயரை அந்த ஊரார் சொல்வது போல எழுதுவதுதான் மரியாதை என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் இப்படி இரவல் பெயர் நிறைய. இலினாய் மாநிலத்தில் கெய்ரோ என்று எழுதுகிற ஊரை அங்குள்ளவர்கள் கேரோ என்கிறார்கள். ஒஹையோவில் பெரு நாட்டுத் தலைநகரின் பெயர் கொண்ட ஊர் லைமா. கென்டக்கியில் பிரெஞ்சு அரண்மனையின் பெயர் வெர்சேல்ஸ். நியூயார்க் மாநிலத்தில் டெல்லி என்று ஒரு ஊர் உண்டு, சொல்வது டெல்ஹை. அந்த ஊரில் செல்வாக்காக இருந்த ஒருவருக்கு 'கிரேட் மொகல்' என்று பட்டப்பெயர் இருந்ததால் முகலாயர் தலைநகரின் பெயரை வைத்தார்கள். இவையெல்லாம் தவறான உச்சரிப்பு அல்ல. எழுத்து வழியாக மட்டுமே ஒரு பெயர் ஊர் மாறினால், போன இடத்தின் நாக்கு அதைத் தன் வழிக்கு வளைத்துக்கொள்கிறது.

அப்படிப் பார்த்தால் 'மேட்ரஸ்' என்று வர வேண்டும். சிக்கல் இங்கேதான். பெயரின் நடுவில் அவர்கள் சொல்வது ஆங்கில d, மெல்லிய ஒலி. தமிழில் மெய்யெழுத்தாக நிற்கும் ட் வல்லோசை. நட்பு, வெட்கம், காட்சி என்று சொல்லிப் பாருங்கள். ஆகவே 'மேட்ரஸ்' என்றால் தமிழ்க் கண்ணுக்கு மெத்தை. கட்டில் கடைப் பலகைகளில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். 'மேட்ரஸில் பனி கொட்டியது' என்பது முன்னதைவிட மோசம்.

நம் முன்னோர் இதை ஒரு வழியில் தீர்த்திருக்கிறார்கள். 'மதராஸ்' என்று நடுவில் ஒரு உயிரைச் சேர்த்தார்கள். உயிர்களுக்கு நடுவில் வரும் தகரம் தானாகவே மென்மையாகிவிடும். யோசித்துச் செய்தார்களா, நாக்கு செய்ததா என்பது வேறு விஷயம். தமிழுக்கு அது பொருந்தியது.

மட்டுநகரான்

இலங்கைத் தமிழில் இந்தச் சிக்கல் இல்லை என்பதைச் சொல்ல வந்தேன். நாங்கள் ஆங்கிலத்தின் மெல்லிய ஒலிக்கு ட, வல்லோசைக்கு ற அல்லது ர என்று பிரித்து எழுதிப் பழகியவர்கள். டேவிட், டொக்டர் என்று தொடங்கும்போது ட. ஆனால் பற்றறி, ரொறன்ரோ. நீங்கள் கேமரா என்பதை நாங்கள் கமரா என்போம். ஆகவே எங்கள் பேப்பரில் அந்த ஊர் 'மட்ரஸ்' என்று வந்தால் எவரும் மெத்தை என்று வாசிக்க மாட்டார். மெத்தையாக இருந்தால் 'மற்றஸ்' என்றல்லவா வரும்.

அப்புறம், எங்கள் பங்குக்கும் ஒன்று உண்டு. மினசோட்டா மாநிலத்தில், அயோவா எல்லைக்குப் பக்கத்தில் சிலோன் என்று ஒரு குட்டி ஊர். ஐந்நூறு பேர்கூட இல்லை. ஜிம்மி கார்ட்டரின் துணை ஜனாதிபதியாக இருந்த வால்டர் மொண்டேல் 1928இல் பிறந்தது அங்கேதான். 1972இல் நாடு ஸ்ரீலங்கா ஆனது. மினசோட்டாவில் சிலோன் சிலோனாகவே இருக்கிறது. என் அப்பா பிறப்புச் சான்றிதழில் சிலோன் என்றிருப்பவர். அந்த ஊர்ப் பலகையின் படத்தைக் காட்டினேன். கனநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மொழிமாற்றி

எல்லோருக்கும் நன்றி. ஒலியன் சொன்ன மெத்தைப் பிரச்சினை எனக்குத் தோன்றவே இல்லை. மட்டுநகரான் அண்ணா, உங்கள் முறை எவ்வளவு கூர்மையானது என்று இன்றுதான் புரிந்தது. ஆனால் என் வாசகர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள், 'மட்ரஸ்' என்றால் திகைப்பார்கள்.

முதல் கேள்வி இன்னும் நிற்கிறது. அந்த ஊருக்குப் பெயர் நம் நகரத்திலிருந்து போனதா, மெட்ராஸ் என்ற பெயரில் விற்ற துணியிலிருந்து போனதா? இரண்டும் சொல்கிறார்கள்.

போர்ட்லண்ட் மழை

அங்கே எனக்குச் சொல்லப்பட்ட கதை இது. 1900களின் தொடக்கத்தில் அங்கே குடியேறிய ஒருவர் தம் குடும்பப் பெயரை ஒட்டி 'பால்மெய்ன்' என்று ஊரைப் பதிய நினைத்தார். தபால் துறை ஒப்புக்கொள்ளவில்லை. பால்மர் என்று ஏற்கெனவே ஓரிடம் இருந்ததால் கடிதங்கள் குழம்பும் என்றார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்க ஊர்களின் பெயரைத் தீர்மானித்ததில் தபால்காரர்களுக்குப் பெரிய பங்கு. ஒரே மாநிலத்தில் ஒத்த பெயர் கூடாது. சின்னதாக, படிக்க எளிதாக இருக்க வேண்டும். வேறு பெயர் தேடியபோது ஊர்க் கடையில் இருந்த ஒரு துணியின் மேல் 'மெட்ராஸ்' என்று எழுதியிருந்ததாம். அதையே அனுப்பினார்கள், ஏற்கப்பட்டது. இது 1903 வாக்கில். இந்திய நகரத்தை நினைத்தே நேராக வைத்தார்கள் என்ற கட்சியும் உண்டு. எழுத்தில் தீர்ப்பு சொல்ல யாராலும் முடியவில்லை. ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் துணிக் கதையைத்தான் சொல்வார்கள்.

எனக்கும் துணிதான் சரி என்று படுகிறது. 1903இல், ரயில்கூட வராத ஒரு மேட்டில் (ரயில் 1911இல்தான் வந்தது, இரண்டு கம்பெனிகள் டெஷூட்ஸ் ஆற்றின் இரு கரையிலும் போட்டி போட்டுக்கொண்டு தண்டவாளம் போட்ட பிறகு), ஒருவருக்கு மெட்ராஸ் என்றால் முதலில் சட்டைதான் நினைவுக்கு வந்திருக்கும். ஆங்கிலத்தில் அது அப்போதே ஒரு துணியின் பொதுப்பெயர்.

பாவு ஊடை

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். துணி என்று வந்துவிட்டதால் எழுதுகிறேன். எங்கள் வீடு குறிஞ்சிப்பாடி. தாத்தா, அப்பா இருவரும் தறிக்காரர்கள். கைலியும் கட்டம் போட்ட ஏற்றுமதித் துணியும்தான் எங்கள் சோறு.

வெளியூர்க்காரர்கள் 'மெட்ராஸ்' என்று சொன்ன துணி, மெட்ராஸ் நகரத்தில் மட்டும் நெய்தது இல்லை. பழவேற்காடு, சைதாப்பேட்டை, எங்கள் பக்கம், ஆந்திராவில் சீராலை எல்லாமே அதில் சேரும். கப்பல் ஏறிய துறைமுகத்தின் பெயர் துணிக்கு ஒட்டிக்கொண்டது. மெல்லிய நூல், பாவிலும் (நீள நூல்) ஊடையிலும் (குறுக்கு நூல்) சாயம் தோய்த்த நூலைக் கோத்துப் போட்ட கட்டம். அச்சடித்தது இல்லை. பின்பக்கம் திருப்பினாலும் அதே கட்டம் தெரியும். இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும், அச்சா நெசவா என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும்.

ஒவ்வொரு ஊர்க்காரனும் இதற்கு ஒவ்வொரு பெயர் வைத்தான். பழவேற்காட்டின் பெயரால் கைக்குட்டைக்கு 'புலிக்காட்' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்லே உண்டு. நைஜீரியாவில் கலபாரி மக்கள் 'இன்ஜிரி' என்கிறார்கள். பிள்ளை பிறந்தாலும் பெரியவர் இறந்தாலும் அவர்களுக்கு இந்தத் துணி வேண்டும். அதே நாட்டில் இன்னொரு பக்கம் 'ஜார்ஜ்' என்று ஒரு துணி, அது நம் புனித ஜார்ஜ் கோட்டைப் பெயர் என்கிறார்கள். கரீபியத் தீவுகளில் டொமினிக்கா, செயின்ட் லூசியா, மார்டினிக் பெண்களின் விழா உடையே மெட்ராஸ். ஓரிகனில் மட்டும் அது ஊராகிவிட்டது.

சாயம் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் 'சாயம் போகும்' என்று யாராவது சொன்னால் தாத்தாவுக்கு முகம் சுருங்கிவிடும். நெசவாளிக்கு அதைவிட அவமானம் இல்லை. ஆனால் 1960களில் அமெரிக்காவில் துவைக்கத் துவைக்க நிறம் ஒன்றோடு ஒன்று கரைகிற மெட்ராஸ் சட்டைக்குத் தனி மோகம். 'சாயம் போவதற்கு நாங்கள் உத்தரவாதம்' என்றே விளம்பரம் செய்து விற்றார்கள். ஒரே குணம், இங்கே குறை, அங்கே பெருமை. இது தெரிந்திருந்தால் தாத்தா என்ன சொல்லியிருப்பார் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

ஒரு துண்டுத் துணியைப் பார்த்து அந்த ஊருக்குப் பெயர் வைத்தார்கள் என்றால், அந்தத் துணியை நெய்தவர் எங்களைப் போன்ற ஒருவர். கவர்னர் பெயரோ ராஜா பெயரோ இல்லை. தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்த ஒருவரின் உழைப்பு ஒரு ஊர்ப் பெயராக நிற்கிறது.

சென்னப்பட்டினம்

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்து மனம் நிறைந்தது. இருந்தாலும் ஒன்றை மறைத்தால் தப்பு. 1900 வாக்கில் 'மெட்ராஸ்' என்று அமெரிக்கக் கடையில் விற்ற எல்லாத் துணியும் நம் ஊரிலிருந்து போனதில்லை. ஆலைத் துணிக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். ஸ்காட்லாந்தில் ஏர்ஷயர் பக்கம் 'மெட்ராஸ்' என்றே ஒரு திரைச்சீலைத் துணி நெய்தார்கள், இன்றும் நெய்கிறார்கள். நம் கட்டத் துணிக்கும் அதற்கும் நெசவிலேயே சம்பந்தமில்லை. அந்த ஓரிகன் கடையில் இருந்த துணி குறிஞ்சிப்பாடியா ஸ்காட்லாந்தா என்று யார் கண்டது?

பாவு ஊடை

தெரியும் ஐயா. ஏற்றுமதிக்காரர் ஒருவர் எங்கள் அப்பாவிடமே இதைச் சொல்லியிருக்கிறார். "உங்க பேரை வைத்து அவன் நெய்கிறான்" என்று. அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஆனாலும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஸ்காட்லாந்துக்காரன் தன் துணிக்கு மெட்ராஸ் என்று பெயர் வைத்தான் என்றால், அந்தப் பெயருக்கு ஏற்கெனவே ஒரு மதிப்பு இருந்திருக்க வேண்டும். அந்த மதிப்பை உண்டாக்கியது யார்? இருநூறு வருடம் நெய்து அனுப்பியவர்கள். கடையில் இருந்த அந்தத் துணி எங்கே நெய்ததாகவும் இருக்கட்டும். அதன் மேல் எழுதியிருந்த சொல் நாங்கள் சம்பாதித்தது.

ஒலியன்

இதற்கு மேல் நான் வாதிட ஒன்றும் இல்லை. ஒலிப்பைப் பார்த்து எழுத வேண்டும் என்றேன். பொருளைப் பார்த்தால் வேறு முடிவு வருகிறது. இந்தப் பெயரின் பொருள் துணி, துணியின் பெயர் தமிழில் மெட்ராஸ். நெசவுக்காரர்கள் 'மெட்ராஸ் செக்' என்றுதானே சொல்கிறீர்கள்?

ஆனால் ஒரு நிபந்தனை. அவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்பதை முதல் தடவையே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். ஊரார் வாயை முழுக்க மூடிவிடக் கூடாது.

மட்டுநகரான்

ஓம், அது நியாயம். நிலத்துக்கு முதல் உரியவர்களையும் ஒரு வரியில் சொல்லலாம். 1855இல் வாஸ்கோ, வார்ம் ஸ்பிரிங்ஸ் மக்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு விட்டுக்கொடுத்த பரந்த நிலத்துக்குள்தான் இந்த ஊர் வருகிறது. பக்கத்து நீர்த்தேக்கத்துக்கு பில்லி சினூக் என்ற வாஸ்கோ வழிகாட்டியின் பெயர் இருக்கிறது. பெயர் என்று பேசும்போது அதையும் விட்டுவிடக் கூடாது.

போர்ட்லண்ட் மழை

ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். 2017 ஆகஸ்ட் 21 சூரிய கிரகணத்துக்கு அங்கே போயிருந்தேன். முழுக் கிரகணப் பாதை ஊரின் மேலேயே போனது. வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும் இடம் என்பதால் நாடு முழுக்கக் கூட்டம். காலை 10.19க்கு இருட்டியது. இரண்டு நிமிடம்தான். ஜெஃபர்சன் மலை பக்கமிருந்து நிழல் ஓடி வந்ததைக் கண்ணால் பார்த்தேன். குளிர் சட்டென்று ஏறியது. வயலில் நின்ற கூட்டம் முழுக்கக் கத்தியது.

அம்மாவுக்குப் போன் போட்டேன். சைதாப்பேட்டையில் அப்போது இரவு பத்தே முக்கால் தாண்டியிருந்தது. "மெட்ராஸில் இருந்து பேசுறேம்மா" என்றேன். அம்மா பதறிவிட்டாள், சொல்லாமல் ஊருக்கு வந்துவிட்டேனோ என்று. விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகையும் சிரிப்பும். இன்னும் ஒரு மணி நேரத்தில் அங்கே ஆகஸ்ட் 22, மெட்ராஸ் தினம் பிறக்கப்போகிறது என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

மொழிமாற்றி

முடிவுக்கு வந்துவிட்டேன். தொடக்கத்தை இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"ஓரிகன் மாநிலத்தின் நடுவே, ஜெஃபர்சன் மலை தெரிகிற ஒரு பள்ளத்தில் மெட்ராஸ் என்ற ஊர் இருக்கிறது. ஊர்க்காரர்கள் முதல் அசையை அழுத்தி, கடைசி அசையை விழுங்கிச் சொல்கிறார்கள். கடையில் இருந்த ஒரு துணிக்கட்டைப் பார்த்து வைத்த பெயர் என்பது அங்கே வழங்கும் கதை. அந்தத் துணிக்குப் பெயர் கொடுத்த நகரம் இன்று சென்னை."

அதன் பிறகு குழப்பம் வரக்கூடிய இடங்களில் மட்டும் 'ஓரிகன் மெட்ராஸ்', மற்ற இடங்களில் வெறும் மெட்ராஸ். பனி வாக்கியம் 'ஓரிகன் மெட்ராஸில் விடிய விடியப் பனி கொட்டியது' என்று மாறிவிட்டது. பழங்குடி மக்கள் பற்றிய வரியை, மூலத்தில் இல்லாததால், மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகத் தனியே சேர்க்கிறேன்.

பாவு ஊடை

நன்றாக வந்திருக்கிறது அக்கா. ஒரே ஒரு திருத்தம். 'துணிக்கட்டு' வேண்டாம். கட்டு என்றால் எங்களுக்குப் பல பீஸைச் சேர்த்துக் கட்டிய மூட்டை, அது லாரியில் ஏறுவது. கடைக்காரர் அலமாரியில் இருந்து எடுத்து முன்னால் விரித்துக் காட்டுவது ஒரு பீஸ். 'ஒரு பீஸ் துணியைப் பார்த்து' என்று போடுங்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அவர்தான் சொல்லச் சொன்னார்.